ஆறு வாத்து, ஒரு சிமெண்ட் தொட்டி: தண்ணீர் ஏன் மூன்றே நாளில் நாறுகிறது?

கேள்வி இதுதான்: "கொல்லையில் ஆறு வாத்து வளர்க்கிறேன். நாலடி விட்டமும் ஓரடி உயரமும் உள்ள சிமெண்ட் உறையைத் தரையில் உட்காரவைத்து, அடியில் பூசித் தொட்டியாக்கியிருக்கிறேன். தண்ணீர் நிரப்பி மூன்றாம் நாளே பச்சையாகி நாற்றம் அடிக்கிறது. மீன் தொட்டிக்குப் போடும் ஃபில்டர் வாங்கிப் போட்டேன், ஒரே நாளில் அடைத்துக்கொண்டது. சும்மா சும்மா மாற்றுவதற்குத் தண்ணீர் வசதியும் இல்லை. தண்ணீரைச் சுத்தமாக வைக்க ஏதாவது மருந்து உண்டா?"

மருந்து கிடையாது. கடையில் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் குறுவை அறுப்பு முடிந்து வயலில் தாள் மட்டும் நிற்கும் நாட்களில் வாத்துக்காரர்கள் வந்துவிடுவார்கள். நூற்றுக்கணக்கில் வாத்து, பின்னால் நீளக் கழியோடு ஒருவரோ இருவரோ. காலையில் இந்த வயல், சாயங்காலம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். சிந்திய நெல்லையும் நத்தையையும் புழுவையும் தின்று முடித்தால் அடுத்த ஊர். அந்த வாத்துகளுக்கு யாரும் தண்ணீர் சுத்தம் செய்து கொடுப்பதில்லை. தண்ணீர் கெடுவதற்குள் வாத்து இடம் மாறிவிடும். உங்கள் கொல்லையில் வாத்து இடம் மாறாது. அப்படியென்றால் தண்ணீர்தான் மாறியாக வேண்டும். வடிகட்டுவதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். வடிப்பதைப் பற்றி யோசித்தால் வேலை பாதியாகக் குறையும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். குளத்தில் மீனும் வாத்தும் சேர்த்து வளர்ப்பவர்களுக்கு நம் நாட்டில் வழக்கமாகச் சொல்வது ஹெக்டேருக்கு 200 முதல் 300 வாத்து. ஒரு ஹெக்டேர் என்பது 247 சென்ட். ஆக, ஏறக்குறைய சென்ட்டுக்கு ஒரு வாத்து. அந்த அளவில் விட்டால் எச்சத்தைப் பாசியும் நுண்ணுயிரும் மீனும் பங்குபோட்டுத் தின்றுவிடும், குளம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். உங்கள் ஆறு வாத்துக்கு அந்தக் கணக்கில் ஆறு சென்ட் தண்ணீர் வேண்டும். அதாவது சுமார் 2,600 சதுர அடி, ஒரு கிரவுண்டுக்கும் மேல். உங்கள் உறையின் பரப்போ பன்னிரண்டரை சதுர அடி. தேவையில் இருநூறில் ஒரு பங்கு. இவ்வளவு சின்னத் தொட்டியில் தண்ணீர் மூன்று நாள் தாங்கியதே பெரிது.

ஃபில்டர் ஏன் தோற்றது என்பதும் இதிலேயே இருக்கிறது. மீன் தொட்டி ஃபில்டரில் உள்ள பஞ்சு, சின்னச் சின்ன மீன்களின் கழிவுக்காகச் செய்தது. வாத்து ஒரு நாளைக்குப் போடும் எச்சமும், அலகில் ஒட்டிக்கொண்டு வரும் தவிடும், மண்ணும், உதிர்ந்த இறகும் அதற்குள் போனால் அரை நாள்கூடத் தாங்காது. இன்னொன்றும் உண்டு. ஃபில்டரின் உண்மையான வேலை குப்பையைப் பிடிப்பது மட்டும் அல்ல. எச்சத்திலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், வேறொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இவை கல்லிலும் பஞ்சிலும் ஒட்டி வளர்ந்து நிலைப்பதற்கு நாலைந்து வாரமாவது ஆகும். ஓயாமல் ஆக்சிஜனும் வேண்டும். கரண்ட் போய் மோட்டார் சில மணி நேரம் நின்றாலே அவை சாக ஆரம்பிக்கும், திரும்ப ஓட்டும்போது அந்த அழுகலெல்லாம் தொட்டிக்குள் வந்து விழும். ஐம்பது வாத்து, பெரிய குளம், நிற்காத கரண்ட் என்று இருப்பவர்கள் முதலில் ஒரு டிரம்மில் கசடைப் படியவிட்டு, பிறகு கூழாங்கல் நிரப்பிய பாத்தியில் கல்வாழை, சம்பு நட்டு அதன் வழியே தண்ணீரைச் சுற்றவிடலாம். ஆறு வாத்துக்கு அது தேவையில்லாத வேலை.

சரி, முதலில் உங்கள் தண்ணீரில் என்ன கெடுகிறது என்று பார்த்துவிடுங்கள். கண்ணாடி டம்ளர் ஒன்று போதும். வாத்து இறங்கிக் கலக்கியதும் தொட்டியின் நடுவிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு, நிழலில் அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அப்புறம் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அடியில் வெளிறிய மாவு மாதிரியோ குருணை மாதிரியோ படிந்திருந்தால் அது தீவனம். நீங்கள் தீனி வைக்கும் இடம் தொட்டிக்கு ரொம்பக் கிட்டே இருக்கிறது என்று அர்த்தம். செம்மண்ணோ வண்டலோ படிந்திருந்தால் கரை சரியில்லை. கருத்த பச்சையாக, லேசாகக் கலக்கினாலே மேலெழும்பும் கசடு என்றால் அது எச்சம். எதுவுமே படியாமல் டம்ளர் முழுக்க ஒரே பச்சையாக நின்றால் அது பாசி, வெயிலின் வேலை. முதன்முதலில் என் தொட்டித் தண்ணீரை இப்படி வைத்துப் பார்த்தபோது டம்ளரில் கால் விரற்கடைக்குத் தவிடு! நான் வாத்துக்குப் போட்டதில் பெரும்பங்கு தொட்டிக்குத்தான் போயிருக்கிறது.

அதனால் நாளைக்கே செய்யக்கூடிய காரியம் இதுதான்: தீவனத்தைத் தொட்டியிலிருந்து பதினைந்து, இருபது அடியாவது தள்ளி வையுங்கள். ஆனால் வாத்து தண்ணீர் இல்லாமல் தின்னாது. தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஒரு வாய் தீனி, ஒரு வாய் தண்ணீர் என்று மாறி மாறிப் போவது அதன் சுபாவம். பக்கத்தில் தண்ணீர் இல்லையென்றால் தீனி ஒட்டிய அலகோடு தொட்டிக்கே ஓடும். ஆகவே தீவனத்துக்கு நாலடி தள்ளி ஒரு தனி வாளி. இருபது லிட்டர் பெயிண்ட் வாளி நல்லது, நன்றாகக் கழுவியதாக இருக்கட்டும். மூடியைப் போட்டுவிட்டு, பக்கவாட்டில் பாதி உயரத்துக்கு மேல் வாத்தின் தலையும் கழுத்தும் போகுமளவு, ஐந்து அங்குல வட்டம் வெட்டி எடுங்கள். வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கழுத்தைக் கிழிக்கும். தலை மட்டுமே உள்ளே போகும், உட்கார்ந்து குளிக்க முடியாது, எச்சமும் விழாது. ஆழம் மட்டும் குறையக்கூடாது. மூக்குத் துளையும் கண்ணும் முழுதாக முங்கும் அளவுக்குத் தண்ணீர் இருந்தால்தான் வாத்து அவற்றைக் கழுவிக்கொள்ளும். தட்டில் ஊற்றி வைத்தால் கண்ணில் பீளை கட்டும். அரிசி கழுவிய தண்ணீர், கஞ்சி எதுவானாலும் இந்தத் தீவனப் பக்கத்தோடு நிற்கட்டும், தொட்டிக்குள் வேண்டாம்.

இரண்டாவது, இரவு. பலர் வாத்தை ராத்திரியும் தொட்டிக்குப் போகும்படி விட்டுவிடுகிறார்கள். பொழுது சாய்ந்ததும் கூண்டில் அடைத்து, கீழே உமியோ தென்னை நார்க்கழிவோ நாலு அங்குலத்துக்குப் போட்டுவிடுங்கள். இரவு எச்சம் முழுக்க அதில் விழும், எருவாகவும் ஆகும். காலையில் ஒன்பது மணிக்குத் திறந்தால் போதும். வாத்து பெரும்பாலும் அதற்கு முன்பே முட்டையிட்டுவிடும். முன்னாடியே திறந்தால் தொட்டிக்கடியில் முட்டையைத் தேட வேண்டியிருக்கும். பகலிலும் நாள் பூராவும் தொட்டி திறந்திருக்க வேண்டும் என்பது இல்லை. காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் குளியல் போதும் என்பது என் அனுபவம். மீதி நேரம் மேல் ஒரு பழைய கதவையோ கம்பி வலைச் சட்டத்தையோ வைத்து மூடிவிடுவேன். கோடையில் மட்டும் விதிவிலக்கு, உச்சி வெயிலில் அதற்குத் தண்ணீர் வேண்டும்.

இப்போது தொட்டி. உங்கள் உறை முக்கால் பங்கு நிறைந்தால் ஏறக்குறைய 270 லிட்டர். அதைத் தரையில் வைத்துவிட்டதால் வாளியால் இறைத்துத்தான் காலி செய்ய முடிகிறது. அது சலிப்பான வேலை, அதனால் தள்ளிப்போடுகிறீர்கள், அதனால் நாறுகிறது. நானும் முதல் வருடம் இதையே செய்தேன், அதுவும் தரைக்குள் முழுசாகப் புதைத்து. அடியில் கிடந்த கறுப்புச் சேற்றைக் கரண்டியால் வழித்து எடுத்த அன்று, பக்கத்து வீட்டு அம்மா மதில் மேலாக எட்டிப் பார்த்து, "தம்பி, எலி கிலி செத்துக் கிடக்கா?" என்று கேட்டார்.

இரண்டாம் தொட்டியை ஓரடி செங்கல் மேடை கட்டி அதன்மேல் வைத்தேன். தளம் ஒரு பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும், நாலடிக்கு இரண்டு அங்குலம் சரிவு தாராளம். தாழ்ந்த ஓரத்தில் தளத்தோடு தளமாக மூன்று அங்குல பிவிசி பைப். ஒரு அங்குலக் குழாய் வைக்காதீர்கள், இரண்டு இறகும் ஒரு வேப்பங்கொழுந்தும் சேர்ந்தால் அடைத்துவிடும். வால்வும் தேவையில்லை. தளத்துக்கு அடியில் எல்போ வைத்து, வாய் மேல்நோக்கி இருக்கும்படி பூசிவிட்டு, அந்த வாய்க்குள் பசை போடாமல் ஒன்பது அங்குல உயரக் குழாய்த் துண்டு ஒன்றைச் சொருகிவிடுங்கள். துண்டு நிற்கும்வரை தண்ணீர் ஒன்பது அங்குலம் நிற்கும். அதற்கு மேல் ஊற்றினால் வழிந்து குழாய்க்குள் போய்விடும், கூடவே மேலே மிதக்கும் இறகும் எண்ணெய்ப் படலமும் போகும். காலி செய்ய வேண்டுமென்றால் துண்டைத் திருகிப் பிடுங்கினால் சரி. இரண்டு மூன்று நிமிடத்தில் தொட்டி காலி. தண்ணீர் வேகமாகப் போவதால் கசடையும் இழுத்துக்கொண்டு போகும். தென்னந்துடைப்பத்தால் நாலு இழு இழுத்து, ஒரு வாளி தண்ணீர் ஊற்றி அலசி, திரும்பச் சொருகினால் வேலை முடிந்தது. முழுசாக ஐந்து நிமிடம்.

மேடைமேல் இருப்பதால் ஏறி இறங்க வெளியே ஒரு சரிவுப் பலகை, உள்ளே இரண்டு செங்கல் படி. இந்த உள்படியை மறந்துவிடாதீர்கள். ஈரமான சிமெண்ட்டில் வாத்துக்கால் வழுக்கும், வெளியே வர முடியாமல் சோர்ந்துபோகும். குஞ்சு என்றால் உயிரே போகும்.

"தண்ணீர் வசதி இல்லை" என்றீர்கள். இங்கேதான் நீங்கள் கணக்கை மாற்றிப் போட வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் 270 லிட்டர் என்றால் நாளுக்கு 135 லிட்டர். கோடையில் ஒரு வாழை நாளைக்குக் குடிப்பதே பதினைந்து, இருபது லிட்டர். ஏழெட்டு வாழை இருந்தால் அந்த 135 லிட்டரும் அதற்கே சரியாகப் போய்விடும். வாழைக்கு எப்படியும் ஊற்றப்போகிற தண்ணீர்தான், வழியில் வாத்து ஒருமுறை குளித்துவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். உரம் தனியாகப் போட வேண்டியதும் குறைகிறது. கோழி எருவைப் பச்சையாகப் போட்டால் செடி கருகும். இது தண்ணீரில் கரைந்து போவதால் அந்தச் சூடு இல்லை. வாழை, தென்னை, முருங்கை, தீவனப்புல் எதற்கு வேண்டுமானாலும் விடலாம். கீரைப் பாத்திக்கும், பச்சையாகத் தின்னும் வெள்ளரி, கொத்தமல்லிக்கும் விடாதீர்கள். வாத்து எச்சத்தில் சால்மொனெல்லா என்ற, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமி இருக்கலாம். ஒரே குழியில் தொடர்ந்து விட்டால் மண் புளித்து நாறும், கொசுவும் வரும். இரண்டு பாத்தி வைத்து மாற்றி மாற்றித் திருப்பி, மேலே சருகு போட்டு மூடுங்கள். குடிக்க எடுக்கும் கிணறு இருந்தால் தொட்டியும் பாத்தியும் அதிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி இருக்கட்டும். நைட்ரேட் மண்ணில் நிற்காது, நேரே கீழே இறங்கும்.

நிரப்புவதற்கு எந்தத் தண்ணீர் என்றால், போர், கிணறு, குழாய் எல்லாம் சரி. வாஷிங் மெஷின் தண்ணீரும் பாத்திரம் தேய்த்த தண்ணீரும் மட்டும் கூடவே கூடாது. வாத்தின் வால் தொடங்கும் இடத்தில், மேல்புறமாக ஒரு எண்ணெய்ச் சுரப்பி உண்டு. அலகால் அதைத் தொட்டுத் தொட்டு இறகெல்லாம் பூசிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். சோப்பு அந்த எண்ணெயைக் கழுவிவிடும். இறகில் தண்ணீர் ஊறி, நீந்த வேண்டிய பறவை கனத்து முங்கும், குளிரில் நடுங்கும். ரொம்ப நாள் அழுக்குத் தண்ணீரில் கிடந்தாலும் இதேதான் நடக்கும். என்னைக் கேட்டால் தண்ணீர் சுத்தமா என்று பார்க்கத் தண்ணீரைப் பார்ப்பதைவிட முதுகைப் பார்ப்பது மேல். குளித்து வந்த வாத்தின் முதுகில் நீர் முத்து முத்தாக உருண்டால் நல்ல தண்ணீர். இறகு ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கிடந்தால் தொட்டியில் கோளாறு.

பச்சை நிறத்துக்குப் பயப்படுகிறீர்கள், அது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. சாதாரணப் பச்சைப்பாசி வாத்துக்குக் கெடுதல் செய்யாது, சொல்லப்போனால் அது எச்சத்தின் சத்தைத் தின்றுதான் வளர்கிறது. தொட்டிமேல் நிழல்வலை ஒன்று கட்டினால் பாதி குறைந்துவிடும், தண்ணீரும் சூடேறாது. பயப்பட வேண்டியது இரண்டு. ஒன்று, கறுப்பு. அடிக்கசடைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் கீழே ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது. இன்னொன்று, பெயிண்டைக் கொட்டியது மாதிரி நீலம் கலந்த பச்சையில் மேலே படரும் ஆடை. அது நீலப்பச்சைப்பாசி. அதில் சில வகை ஈரலைத் தாக்கும் விஷம் உண்டாக்கும், வாத்தும் சாகும், குடிக்கும் நாயும் சாகும். அதைக் கண்டால் யோசிக்காமல் வாத்தை வெளியேற்றிவிட்டுத் தொட்டியைக் காலி செய்யுங்கள்.

கோடையில் கறுப்புச் சேற்றை நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பொட்டுலிசம். ஆக்சிஜன் இல்லாத சூடான சேற்றிலும் செத்த உடலிலும் வளரும் பாக்டீரியாவின் விஷம் அது. செத்த எலியோ பறவையோ தண்ணீரோரம் கிடந்தால் அதில் புழு வைக்கும். விஷம் புழுவை ஒன்றும் செய்யாது, அந்தப் புழுவைப் பொறுக்கித் தின்ற வாத்தைப் படுக்கவைத்துவிடும். முதலில் கால் தள்ளாடும், பிறகு இறக்கை, கடைசியில் கழுத்து நிற்காமல் தொங்கும். 2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் ஆயிரக்கணக்கான பறவைகள் செத்ததற்கு இதுதான் காரணம். கழுத்து தொங்கும் வாத்தைப் பார்த்தால் உடனே நிழலுக்கு மாற்றி, புதுத் தண்ணீர் கொடுத்து, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தண்ணீரில் விட்டுவிடாதீர்கள், தலை தூக்க முடியாமல் மூழ்கிவிடும்.

இனி அந்த மருந்துகள். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) பாசியைக் கொல்லும், ஆனால் அளவு தப்பினால் வாத்தையும் கொல்லும். செத்த பாசி அடியில் அழுகி மறுபடி நாற்றம். சுண்ணாம்பு போட்டால் நாற்றம் போகும் என்பார்கள். உண்மையில் தண்ணீரில் காரத்தன்மை ஏறினால் அடங்கிக் கிடக்கும் அம்மோனியம் அம்மோனியா வாயுவாக மாறி இன்னும் காட்டமாக எழும்பும், வாத்தின் கண் சிவக்கும். படிகாரமும் தேற்றாங்கொட்டையும் கலங்கலைப் படியவைக்கும், அது நிஜம். கிணற்றுத் தண்ணீருக்குத் தேற்றாங்கொட்டை உரசிப் போட்ட வீட்டில் வளர்ந்தவன்தான் நானும். ஆனால் மண்ணைப் படியவைப்பது வேறு, கரைந்த எச்சத்தை எடுப்பது வேறு. கண்ணுக்குத் தெளிந்து தெரியும், சாக்கடை சாக்கடையாகவே இருக்கும். அதுவும் பத்து நிமிடத்தில் வாத்து இறங்கிக் கலக்கிவிடும். வெல்லம் போட்டு ஊறவைத்த நுண்ணுயிர்க் கரைசல்களும் அப்படித்தான், ஏற்கெனவே வயிறு முட்டிப்போன தொட்டிக்கு இன்னொரு வேளைச் சாப்பாடு. ப்ளீச்சிங் பவுடர் மட்டும் மாதம் ஒருமுறை பயன்படும், காலித் தொட்டியில் தேய்த்து, நன்றாக அலசி, ஒரு நாள் வெயிலில் காயவிட்ட பிறகுதான் வாத்து.

அசோலா என்ற மிதக்கும் நீர்ப்பெரணியைத் தொட்டியிலேயே விட்டால் தண்ணீரைச் சுத்தம் செய்யாதா என்று கேட்பவர்கள் உண்டு. செய்யும், வாத்து விட்டுவைத்தால்! காலையில் விட்டது மத்தியானம் இருக்காது. தனியே ஒரு தார்ப்பாய்க் குழியில் வளர்த்து, வடித்த தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் அதற்கு ஊற்றிக்கொண்டால் வாத்துக்குத் தீனியும் ஆயிற்று. ஆகாயத்தாமரை வேண்டவே வேண்டாம். மழையில் வழிந்து வாய்க்காலுக்குப் போனால் ஊர் திட்டும்.

கரையைப் பற்றி ஒரு வார்த்தை. வாத்து ஈர மண்ணைக் கண்டால் சும்மா இருக்காது, அலகால் நோண்டி நோண்டிக் குழியாக்கிவிடும், அந்தச் சேற்றைத் தொட்டிக்குள் சுமந்து வரும். தொட்டியைச் சுற்றி மூன்றடிக்குக் கூழாங்கல்லோ ஆற்று மணலோ பரப்புங்கள். உடைத்த ஜல்லி மலிவு, ஆனால் கூராக இருக்கும். பாதத்தில் குத்திப் புண்ணாகி வீங்கினால் ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

இருக்கிற தொட்டியை உடைக்க மனமில்லை என்றால், கொல்லையில் தொட்டியின் அடித்தளத்தைவிடத் தாழ்ந்த இடம் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒன்றேகால் அங்குல ஹோஸ் பத்தடி வாங்கி, முழுக்கத் தண்ணீரில் முக்கிக் காற்றை வெளியேற்றி, ஒரு முனையைக் கையால் பொத்திக்கொண்டு தாழ்ந்த பக்கம் போட்டுக் கையை எடுத்தால் தானே இழுத்து வடிந்துவிடும். தொட்டிக்குள் இருக்கும் முனையில் வெங்காய வலையைக் கட்டிவிடுங்கள், இறகு அடைக்காது. வாயால் உறிஞ்சி இழுக்க மட்டும் முயற்சி செய்யாதீர்கள், நான் ஒருமுறை செய்தேன். தாழ்ந்த இடம் இல்லையென்றால் செங்கல் மேடைதான் வழி. ஒரு உறையை நாலு பேர் சேர்ந்தால் தூக்கி வைத்துவிடலாம், அடியைத்தான் புதிதாகப் பூச வேண்டியிருக்கும். பூசியபின் ஒரு வாரம் தண்ணீர் நிரப்பி, இரண்டு மூன்று முறை மாற்றிக் கொட்டிவிட்டு வாத்தை விடுங்கள். புதுச் சிமெண்ட்டின் காரம் இறங்க அவ்வளவு நாள் வேண்டும்.